பாட்டனார் அணிந்த ‘பேரன்’: காஷ்மீர்ப் பனியில் ஒரு வாரம்

(நமது பகுதி நேர நிருபர்)

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்ன பனி, விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும். எட்டு மணி வெயிலில் இருந்த இடம் தெரியாமல் போகும். டில்லிக்கு வந்த பிறகு, ஜனவரி மாதத்தில் ரஜாய்க்குள் சுருண்டு கிடந்தபோது, குளிர் என்றால் இதற்கு மேல் ஒன்றும் இருக்க முடியாது என்று நினைத்தேன். கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் அந்த எண்ணம்தான் இருக்கும். என் எண்ணம் காஜிகுண்டில் தகர்ந்தது.

காஜிகுண்ட், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் தெற்கு வாசல். பீர் பஞ்சால் மலையைக் குடைந்து 11 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக அமைத்த ரயில் சுரங்கப்பாதை, பனிஹாலிலிருந்து இந்தப் பக்கம்தான் வெளியே வருகிறது. அது 2013 ஜூனில் திறக்கப்பட்டது. டிக்கெட் கொடுக்கும் உத்தியோகத்தில் மாற்றலாகி நான் இங்கே வந்தது 2024-ஆம் வருஷத்தில். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேராக ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஜூனில்தான். ஆகவே நான் சொல்லப்போகும் அந்த வாரத்தில், நெடுஞ்சாலை அடைபட்டுவிட்டால் தரை வழியாக வெளியூர் போவது நடக்காத காரியம்.

காஷ்மீர் ஜனங்கள் குளிர்காலத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை நாற்பது நாள் ‘சில்லை கலான்’, அதாவது பெரிய குளிர். அடுத்த இருபது நாள் ‘சில்லை குர்த்’, சின்னக் குளிர். கடைசிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’, குழந்தைக் குளிர். நாம் மண்டலக் கணக்கு வைத்து விரதம் இருப்பதுபோல, இவர்கள் நாள் எண்ணிக் குளிரைக் கடத்துகிறார்கள். 2024-இல் டிசம்பர் 20-க்கும் 21-க்கும் இடைப்பட்ட இரவில் ஸ்ரீநகரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 8.5 டிகிரிக்கு இறங்கியது. டிசம்பர் மாதத்தில் அப்படிப்பட்ட குளிர் ஐம்பது வருஷங்களாக அங்கே வந்ததில்லை. குழாயில் தண்ணீர் கல்லாகிவிட்டது. குழாயின் அடியில் பழைய காகிதத்தைக் கொளுத்திக் காட்டினால்தான் ஒரு சொம்புத் தண்ணீர் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை விழுந்த வெள்ளை

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை. மாலையிலிருந்து பனி விழ ஆரம்பித்தது. மழைக்குச் சத்தம் உண்டு. ஓட்டின்மேல் விழுந்தால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். பனிக்குச் சத்தமில்லை. இலவம் பஞ்சை யாரோ மேலேயிருந்து உதறுவதுபோல் இறங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியைக் காணோம். தெருவும் வயலும் ஒன்றாகிவிட்டன.

மின்சாரம் நின்றது. பனிஹாலுக்கும் பாரமுல்லாவுக்கும் இடையே ரயில்கள் நின்றன. நெடுஞ்சாலையில் ராத்திரி முழுவதும் சிக்கிக்கொண்ட வண்டிகள் வரிசையாக வெள்ளைக் குன்றுகள்போல் நின்றன. அந்த இரண்டு நாட்களில், வழியில் மாட்டிக்கொண்ட வெளியூர்ப் பிரயாணிகளுக்கு உள்ளூர் ஜனங்கள் பல இடங்களில் தங்கள் வீடுகளையும் மசூதிகளையும் திறந்துவிட்டார்கள். பத்திரிகைகளும் அதை எழுதின.

நானும், தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்க்கும் சிவகாசிப் பக்கத்துத் தம்பி ஒருவனும் ஒரு வீட்டின் மாடியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவருடைய தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் அவரை ‘மோஜி’ என்றே கூப்பிட்டார்கள். அம்மா என்று அர்த்தம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

என்னிடம் ஒரு கோட்டு இருந்தது. டில்லியில் ஜும்மா மசூதிப் பக்கம் பழைய துணிக் கடையில் பேரம் பேசி வாங்கியது. எந்தத் தேசத்து ஆள் போட்டுக் கழித்ததோ தெரியாது. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் தோளில் இறுக்கம். உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டால் பொத்தான் பூட்டாது. பூட்டினால் ஸ்வெட்டருக்கு இடமில்லை. மோஜி முதல் நாளே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நல்ல கோட்டு, ஆனால் இது வெயில் கோட்டு” என்றார்.

கரியடுப்பு செய்த துரோகம்

சனிக்கிழமை ராத்திரி. மின்சாரம் வரவில்லை, ஆகவே ஹீட்டரும் இல்லை. தம்பி எங்கிருந்தோ கரி வாங்கி வந்து, ஓர் இரும்புச் சட்டியில் போட்டு மூட்டி, கனன்றதும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தான். “இன்னைக்கு ஒரு ராத்திரி நல்லாத் தூங்குவோம்ணே” என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஜன்னல் இடுக்கில் காற்று ஊசியாகக் குத்தியது. என் கட்டுரைகள் வந்த பழைய பத்திரிகைகளை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றையே சுருட்டி இடுக்குகளை அடைத்தேன். வயதில் பெரியவன் நான். தடுக்க வேண்டியவனும் நான்தான்.

நடு ராத்திரிக்கு மேல் தலை வெடிப்பதுபோல் வலித்தது. தண்ணீர் குடிக்க எழுந்தேன். கால் என் சொல்லைக் கேட்கவில்லை. தகரப் பெட்டியின் மேல் சாய்ந்து அதோடு சேர்ந்து விழுந்தேன். அந்தச் சத்தம்தான் எங்களைக் காப்பாற்றியது. கீழே மோஜி விழித்திருந்தார். மகனை எழுப்பி மாடிக்கு அனுப்பினார். அவர் கதவைத் தள்ளித் திறந்து, ஜன்னலைத் திறந்து, தம்பியைத் தோளில் தூக்கி வராந்தாவில் போட்டார். அவனுக்கு நினைவு இல்லை.

அந்தப் பனியில் அக்கம்பக்கத்தார் நான்கு பேர் அவனைக் கட்டிலோடு சுமந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில மணி நேரம் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மத்தியானம் கண் விழித்து, “அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே” என்றான். இன்றுவரை சொல்லவில்லை. பெயர் போடாமல் இங்கே எழுதுவதற்கு அவன் சம்மதம் கொடுத்திருக்கிறான்.

டாக்டர் விளக்கினார். மூடிய அறையில் கரி எரியும்போது பிராணவாயு போதாமல் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. தலைவலி, வாந்தி, தலைசுற்றல் இவைதான் எச்சரிக்கை. புகை இல்லையே, கனல்தானே என்று நினைப்பது மோசம்.

டில்லியிலும் குளிர்காலத்தில் அங்கீட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்களின் செய்தி வருகிறது. காவல்காரர், டிரைவர், கட்டட வேலைக்காரர் இப்படி ஏழை எளியவர்கள்தான் பெரும்பாலும். நம் ஊரிலிருந்து வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்குகிற பையன்கள் இதைத் தயவு செய்து மனதில் வைக்க வேண்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முதற் காரணம் அதுதான்.

மரப்பெட்டியில் இருந்த அங்கி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மோஜி ஒரு மரப்பெட்டியைத் திறந்து, மறைந்த தம் கணவரின் அங்கியை எடுத்து என் முன்னால் வைத்தார். சாம்பல் நிறக் கம்பளி. முழங்கையில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அவருடைய மாமனார் காலத்துக் கம்பளி என்றும், இரண்டு தடவை பிரித்துத் தைத்தது என்றும் சொன்னார்.

இதற்குப் பெயர் பேரன். சிரிக்க வேண்டாம்; காஷ்மீரியில் அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டை என்று பொருள்படும் ‘பைராஹன்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததாம். நமக்குப் பேரன் என்றால் பிள்ளையின் பிள்ளை. இங்கே பாட்டனாரே பேரனைப் போட்டுக்கொள்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு பேரப்பிள்ளை அதைப் போட்டுக்கொள்கிறான்!

இது ஒரு தொளதொளத்த நீளச் சட்டை. முன்பக்கம் முழுவதும் திறக்காது. கழுத்தில் மட்டும் பிளவு. முழங்காலுக்குக் கீழே தொங்கும். அந்தக் காலத்தில் கணுக்கால் வரை இருந்ததுண்டு. உள்ளே ‘பூட்ஸ்’ என்று ஒரு மெல்லிய பருத்தி அங்கி போடுவார்கள். காலில் போடும் பூட்ஸ் அல்ல. கம்பளி உடம்பில் உறுத்தாது. கம்பளியில் அழுக்கும் படியாது. துவைக்க வேண்டியது உள் அங்கியை மட்டுமே. பெண்கள் அணிவதில் கழுத்தைச் சுற்றி ஜரிகை வேலைப்பாடு இருக்கும்.

தொளதொளப்பில்தான் சூட்சுமம். உடம்புக்கும் துணிக்கும் நடுவே நிற்கும் காற்று, உடம்புச் சூட்டை வெளியே விடாது. இறுக்கமான என் கோட்டு செய்யாததை இந்தப் பழைய கம்பளி செய்தது. கைகளைச் சட்டைக் கைக்குள் விடாமல் உள்ளேயே மடக்கி வைத்துக்கொள்ளலாம். தெருவில் போகிறவர்களைப் பார்த்தால் கையில்லாத மனிதர்கள் நடப்பதுபோல் இருக்கும். சட்டைக் கை இரண்டும் காற்றில் ஆடும். உள்ளே இருக்கும் கைகள் காங்ரியைப் பிடித்திருக்கும்.

காங்ரி என்பது ஒரு சின்ன மண்சட்டி. அதைச் சுற்றிப் பிரம்புக் கூடைபோல் பின்னிக் கைப்பிடி வைத்திருப்பார்கள். இலையுதிர் காலத்தில் கீழே விழும் சினார் இலைகளைக் குவித்து மூட்டிக் கரியாக்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கரியின்மேல் கொஞ்சம் கனல் போட்டுச் சாம்பலால் மூடிவிட்டால் மணிக்கணக்கில் அணையாது. கிளறிவிட ஒரு சின்னக் கரண்டி கூடையிலேயே கட்டியிருக்கும். பின்னல் வேலைக்குச் சரார்-இ-ஷரீப் காங்ரிக்கு நல்ல பெயர்.

மோஜிக்கு இன்னும் பழைய சங்கதிகள் நினைவிருக்கின்றன. ரப்பர் பூட்ஸ் வருவதற்கு முன்னால் பனியில் நடக்க நெல் வைக்கோலை முறுக்கிப் பின்னிய செருப்பு போட்டார்களாம். ‘புல்ஹோர்’ என்று பெயர். நனைந்து நைந்தால் எறிந்துவிட்டு வேறு பின்னிக்கொள்வார்கள். வழுக்காது, காசும் ஆகாது. வைக்கோலை மாட்டுக்கும் கூரைக்கும் மட்டுமே தெரிந்த எனக்கு இது புதிய செய்தி. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கத்தரி வற்றலும் சுரைக்காய் வற்றலும் சமைத்தார்கள். பனியில் காய்கறி வண்டி வராது என்று கோடையிலேயே உலர்த்திக் கட்டித் தொங்கவிட்டது. அந்த வற்றலைப் பார்த்தபோதுதான், ஊரை விட்டு வந்து வெகு தூரம் ஆகிவிடவில்லை என்று தோன்றியது.

சூடான ரூபாய் நோட்டு

பனியை அகற்றி ரயில் மறுபடி ஓடிய பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். மேலே மோஜி கொடுத்த அங்கி. வேலை நேரத்தில் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே வரிசை. என் முன்னால் வந்து நிற்கிறவருக்குக் கையே இல்லாததுபோல் இருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்வார்: அனந்த்நாக், அவந்திபுரா, ஸ்ரீநகர். பிறகு அங்கியின் கழுத்து வழியாகவோ கீழிருந்தோ ஒரு கை வெளியே வரும். அதில் ரூபாய் நோட்டு. அந்த நோட்டு சூடாக இருக்கும்! காங்ரியின் பக்கத்தில் இருந்த கை கொடுத்த நோட்டு. விறைத்துப்போன என் விரல்களுக்கு ஒவ்வொரு நோட்டும் ஓர் ஒத்தடம். இத்தனை வருஷ உத்தியோகத்தில் வரிசை நீளமாக இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த வாரத்தில்தான்.

வேட்டியும் பேரனும்

இவ்வளவு உபயோகமான உடுப்புக்கும் இடைஞ்சல் வந்திருக்கிறது. 2018 டிசம்பரில் குப்வாரா மாவட்டம் லங்கேட்டில், கல்வி அதிகாரி ஒருவர் தம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பேரன் அணிந்து வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. உறைபனிக் காலத்தில், ஜனங்களின் உடம்பைக் காக்கும் உடையை வாசலில் கழற்றிவிட்டு வா என்று சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்?

நமக்கு இது புதிதல்ல. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விட மறுத்தார்கள். அந்த வருஷமே தமிழக சட்டசபை அத்தகைய தடைகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. வெயிலுக்கு வேட்டி, பனிக்குப் பேரன். அந்தந்த மண்ணில் அந்தந்த ஜனங்கள் பல தலைமுறை பட்டுத் தெரிந்து தைத்துக்கொண்டவை. அவற்றை நாகரிகம் குறைந்தவை என்று ஒதுக்குவது, பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்துவிட்டு ராத்திரி கஷாயம் தேடுவது போன்றது. கம்பீரமான கோட்டோடு வந்த நான் அந்தக் கேலியைச் செய்தவன்தான். முதல் மாதத்தில் பேரன் அணிந்தவர்களைப் பார்த்து, ராத்திரி உடுப்போடு தெருவுக்கு வருகிறார்களே என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தேன்.

இப்போது காஷ்மீர் இளைஞர்கள் சில வருஷங்களாக டிசம்பர் 21-ஐப் பேரன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தையற்காரர்கள் முன்பக்கம் ஜிப் வைத்தும், தலைக்குத் தொப்பி வைத்தும் புதிய மாதிரிகள் தைக்கிறார்கள். பழையது மாறினாலும் மறையாமல் இருப்பது நல்லதுதான்.

அங்கிக்கும் எல்லை உண்டு

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. வாரக் கடைசியில் தம்பி தேறி வந்ததும் அங்கியை அவனுக்குக் கொடுக்கப் பார்த்தேன். “இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிண்ணே மண்வெட்டி பிடிக்கிறது?” என்றான். நியாயம். தண்டவாளத்தில் பனி அள்ளுகிறவனுக்குக் கை வெளியே இருக்க வேண்டும். தொங்கும் துணி எதிலாவது சிக்கினால் ஆபத்து. அவனுக்கு வேண்டியது அளவான ஜாக்கெட்டும், கையுறையும், தண்ணீர் புகாத பூட்ஸும்தான். உட்காருகிறவனுக்கும் மெதுவாக நடக்கிறவனுக்கும் ஏற்றது பேரன்.

காங்ரியிலும் கெடுதல் உண்டு. வருஷக்கணக்கில் வயிற்றிலும் தொடையிலும் சூடு படுவதால் தோல் கருகி, சிலருக்குப் புற்றுநோயே வருகிறது. வைத்திய நூல்களில் அதற்குக் காங்ரிப் புற்றுநோய் என்றே பெயர். தூக்கத்தில் கவிழ்ந்து தீப்பிடிப்பதும் உண்டு. அடைத்த அறையில் அதுவும் எங்கள் இரும்புச் சட்டி செய்ததைத்தான் செய்யும். ஆகவே மோஜி தம் வீட்டில் சில சட்டங்கள் வைத்திருந்தார். படுக்கும்போது காங்ரி வீட்டுக்கு வெளியே போக வேண்டும். ஜன்னலில் ஒரு விரல் இடுக்கு எப்போதும் இருக்க வேண்டும். உறைந்த தரையில் நடக்கும்போது, எவ்வளவு குளிரானாலும் ஒரு கை அங்கிக்கு வெளியே இருக்க வேண்டும். விழுந்தால் ஊன்றக் கை வேண்டாமா?

நாங்கள் தூங்கிய அந்த ராத்திரியில் எங்களுக்குக் கனல் வைக்கத் தெரிந்திருந்தது. மோஜியின் சட்டங்கள்தான் தெரியவில்லை. வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவன் அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்கிறான். அந்த ஊர்க் குளிரை அந்த ஊரார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதற்குக் காசு கிடையாது.

ஜனவரி 2, வியாழக்கிழமை. கூரைத் தகரத்திலிருந்து பனிப்பாளம் ஒன்று திடுமென்று சரிந்து முற்றத்தில் விழுந்தது. நான் அங்கியைத் தட்டி மடித்து மோஜியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. “சில்லை கலான் முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்” என்றார். எண்ணினேன். அன்றையும் சேர்த்து இருபத்தொன்பது நாள் பாக்கி இருந்தது. மறுபடி போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினேன். ஒரு கை மட்டும் வெளியே.